நீ நம்பாத மலைப் பயணம்

அக்கா,

இன்று மத்தியானம் சோற்றில் ஊற்றிய பருப்பில் கடுகு இல்லை. தாளித்த வாசனையே வரவில்லை. நான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டு, "யாருக்கு என்ன?" என்று கேட்டேன். என் பெண்டாட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "யாருக்கும் ஒன்னுமில்ல, எண்ணெ தீந்துபோச்சு. ஒங்கக்கா போனாலும் அவங்க புத்தி இந்த வீட்ட விட்டுப் போகாது போல" என்றாள். அவள் சொன்னது சரிதான். நான் எழுந்து போய் எண்ணெய்க் கலயத்தைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வந்து மிச்சச் சோற்றைத் தின்றேன்.

நீ போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. உன்னோடு பேசாத நாளில்லை, ஆனால் எழுதுவது இதுதான் முதல் தடவை. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யாராவது வாசித்துக் காட்டினாலும், "இதத்தான் எழுதியிருக்கா, இல்ல நீயாச் சொல்றியா?" என்றுதான் கேட்டிருப்பாய். சந்தேகம் முன்னால் பிறந்து நீ அதன் பின்னால் பிறந்தாய் என்று அப்பா சொல்வார். கட்டுகஸ்தோட்டைத் தோணிக்காரன் சிரித்தால் தோணியில் ஓட்டை இருக்கிறது என்பாய். பூக்காரி கொசுறு கொடுத்தால் நேற்றைய பூ என்பாய். பாதி நாள் நீ சொன்னதே சரியாக இருந்து தொலைத்தது.

கோடை வந்தால் நம் வீட்டுக்குக் கால் முளைத்துவிடும், நினைவிருக்கிறதா? அப்பா வேலை பார்த்த காப்பிக் கிட்டங்கியிலிருந்து மூட்டையெல்லாம் கொழும்புக்கு வண்டியேறிவிடும். கிட்டங்கியில் எலியைத் தவிர ஒன்றும் இருக்காது. கண்டியில் நம் மஹய்யாவ வீட்டில் கூரை கொதிக்கும். அம்மா புளிச்சோறு கிளறி வாழையிலையில் கட்டுவாள். நாலு பேரும் கட்டுகஸ்தோட்டைக்கு நடந்து போய், ஆற்றங்கரையில் யானை குளிப்பதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம். சித்திரை முற்றினால் அதே ஆற்றைத் தோணியில் கடந்து, அக்கரையில் வண்டி பிடித்து, அம்மாவைப் பெற்ற தாத்தா, அம்மாயி வீட்டுக்கு மலையேறுவோம். தாத்தா ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் கங்காணி. தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயத்தின் கடைசியில் அவருக்கு இரண்டு அறை இருந்தது. அம்மாவின் தம்பி, நம் மாமா, அவரோடு இருந்தார்.

அந்த வருஷம் மட்டும் தாத்தாவே நம்மைக் கூட்டிப்போக இறங்கி வந்தார். கடலுக்கு அக்கரையில் இருக்கும் ஊரிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கொண்டுவரப் போகும்போது தவிர மலையை விட்டு இறங்காத மனிதர். விடியற்காலை நம் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை. அம்மாவுக்கு நாலு நாளாகக் காய்ச்சல். அப்பா நம் இருவரையும் பின்பக்கமாக வெளியே கொண்டுவந்து விட்டார். தாத்தா சிரித்தார். "வாங்க, மலைக்குப் போவோம். காப்பி பூத்துக் கெடக்கு. அம்மாவும் அப்பாவும் பொறவால வருவாங்க" என்றார்.

எனக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தோணியில் ஏறியதும் நீ என் காதில் சொன்னாய்: "தாத்தா நம்ம அம்மாகிட்ட போயிட்டு வர்றேன்னு சொல்லல. நம்மளயும் சொல்ல விடல. பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. நான் யானையைத் தேடிக்கொண்டிருந்தேன்.

மலையில் நடந்ததெல்லாம் வழக்கத்துக்கு மாறாகவே இருந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தாத்தா இருமினாலே ஆட்கள் வரிசையில் நேராக நிற்பார்கள். அப்படிப்பட்டவர் துரையிடம் கேட்டுக்கொண்டு வேலையை விட்டுவிட்டு, நம்மை ஓடைக்கும் பாறைக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார். காப்பிப் பூ பூத்த சரிவு முழுக்கச் சோறு கொட்டி வைத்தது போல இருந்தது. மணம் தலையைச் சுற்றியது. அம்மாயி கேட்கும் முன்பே கருப்பட்டி உடைத்துக் கொடுத்தாள். ஒரு வருஷம் அரைக் கட்டிக்காக என் முதுகில் அறைந்தவள் அவள். நான் இரண்டு கன்னத்திலும் ஒதுக்கிக்கொண்டு திரிந்தேன். நீ உன் பங்கைத் தொடாமல் வைத்து அதையே முறைத்துக்கொண்டிருந்தாய்.

"சும்மா கெடைக்கிற கருப்பட்டி எதுக்குடா?" என்று கேட்டாய்.

உனக்கு அப்போதுதான் சடங்கு சுற்றி முடிந்திருந்தது. அதனால் நீ ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாய். அம்மாயி தினமும் மஞ்சள் நீரில் குளித்தாள். வீட்டில் கவிச்சி இல்லை, கடுகு வெடிக்கும் சத்தமும் இல்லை. விரதம் என்றாள், எதற்கென்று சொல்லவில்லை. பக்கத்து லயத்துப் பெண்கள் வந்தால் வாசலிலேயே நிறுத்திப் பேசினாள். மாமா அடிக்கடி கீழே எங்கேயோ போய் வந்தார். வந்ததும் ஓடையில் முழுகி, வேட்டியை அலசிக் கட்டிக்கொண்டுதான் வாசல் மிதித்தார். உன் முகத்தை அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"மாப்பிள்ளைக்கு வெக்கத்தப் பாரு. என்னய இவருக்குக் கட்டிவச்சு, மழைக்கு முன்னாடி ரெண்டு பேரையும் கடலுக்கு அக்கரைக்குக் கப்பலேத்தப் போறாங்க. அதுக்குத்தான் அம்மா இல்லாம கூட்டிட்டு வந்திருக்காங்க. அம்மா இருந்தா சம்மதிப்பாங்களா?" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு வரவில்லை. கப்பலேறிப் போன பெண்கள் திரும்பியதை நாம் பார்த்ததில்லை. அம்மாவை இனிப் பார்க்கவே முடியாது என்று நீ நினைத்தாய்.

பிறகு அந்த மஞ்சள் துணி. விளக்கு மாடத்துக்குப் பின்னால் ஈரம் காயாத மஞ்சள் துணியில் எதையோ முடிந்து வைத்திருந்ததை நீ கண்டுபிடித்தாய். பரிசத்துக்கு முடிந்தது என்று முடிவு கட்டி, அதைக் கையில் பிடித்துக்கொண்டு அம்மாயியிடம் போய் நின்றாய். "யாருக்கு முடிஞ்சு வச்சிருக்கீங்க?"

அம்மாயி முகம் வெளுத்துவிட்டது. "அதத் தொடாதடி பாவி!" என்று பிடுங்கி, மாடத்தில் வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அப்புறம் உட்கார்ந்து அழுதாள். உனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுநாள் லயத்து ஆட்கள் பெரட்டுக்கும், நானும் தாத்தாவும் ஓடைக்கும் போன நேரத்தில், அரிசி இறக்கிவிட்டுக் கண்டிக்குத் திரும்பிய வெறும் வண்டியில் நீ ஏறிவிட்டாய். கங்காணித் தாத்தாதான் அனுப்பினார் என்று வண்டிக்காரரிடம் கண் இமைக்காமல் சொன்னாயாம். என்னிடம் நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. பின்னால் கேட்டதற்கு, "நீ கருப்பட்டி தின்னவன். தாத்தா ஆளு" என்றாய். எனக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

வீட்டு நிலையில் வேப்பிலை தொங்கியதைப் பார்த்தபோதுதான் உனக்கு எல்லாம் விளங்கியிருக்கும். அம்மாவுக்குப் பெரியம்மை. அம்மை இறங்கிய வீட்டின் பேச்சை வெளியில் எடுக்கக் கூடாது, பெயரைச் சொன்னால் கூடவே வந்துவிடும் என்பது நம்மவர்கள் நம்பிக்கை. அங்கிருந்து கிளம்புகிறவர்கள் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லக் கூடாது. உறவுக்காரர் வீட்டிலும் தாளிக்கக் கூடாது. மஞ்சள் துணியில் இருந்தது மாரியம்மனுக்கு முடிந்த காணிக்கை. மாமா கீழே போனது அப்பாவிடம் தெருவில் நின்று செய்தி கேட்க. கெட்ட செய்தியை வைத்துக்கொண்டு அக்கா மகள் முகத்தை எப்படி நிமிர்ந்து பார்ப்பார்?

வண்டியை விட்டு இறங்கிய நீ அப்படியே திரும்பியிருக்கலாம். அப்பா கும்பிட்டுத் தடுத்தாராம். நீ அவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாய். உள்ளே போனவர்கள், அம்மை தணிந்து நோயாளிக்குத் தலைக்குத் தண்ணீர் விடும் வரை வெளியே வர முடியாது. வேப்பங்குழையால் விசிறிக்கொண்டு அம்மா பக்கத்திலேயே இருந்தாய்.

நான் மலையிலேயே இருந்தேன். ஒருநாள் மாமா வந்து தாத்தாவிடம் ஏதோ சொன்னார். தாத்தா என்னை அருவிக்குக் கூட்டிப்போனார். நான் தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போட்டேன். தாத்தா தலைப்பாகைத் துணியை முகத்தில் போட்டுக்கொண்டு பாறையில் உட்கார்ந்திருந்தார். வெயில் படாமலிருக்க என்று நினைத்தேன். அம்மா அன்றைக்குத்தான் போயிருந்தாள். அது எனக்கு மழை பிடித்த பிறகே சொல்லப்பட்டது.

உனக்கும் அம்மை வந்தது, தழும்போடு விட்டுவிட்டது. சில வருஷம் கழித்து அந்த மாமாவையே கட்டிக்கொண்டாய். மணவறையில் உட்கார்ந்துகொண்டு, "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். மாமாவோடு கடைசி வரை நன்றாகவே வாழ்ந்தாய். ஆனாலும் அவர் காரணமில்லாமல் அல்வா வாங்கி வந்த நாளெல்லாம் வீட்டில் விசாரணை நடந்தது.

இப்போது கண்டிக்கு ரயில் வந்துவிட்டது. தாத்தாவின் மலையில் காப்பி இலையெல்லாம் மஞ்சள் பொடி பூத்து உதிர்கிறது. அடுத்த மழையில் சரியாகிவிடும் என்று துரைமார் சொல்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. யாராவது சிரித்துக்கொண்டே பிள்ளைகளை மலைக்குக் கூப்பிட்டால், பெற்றவர்களும் வருகிறார்களா என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன். இந்தக் குணம் உன்னிடமிருந்து வந்தது. இதைக் கொண்டு உன்னையும் சந்தேகப்பட்டிருக்கிறேன், அக்கா. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

மலையிலிருந்து இறங்கி வந்ததும் நான் உன்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அம்மா என்ன சொன்னாங்க?" நீ யோசிக்காமல் சொன்னாய். "ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. சின்னவன் சாப்பிட்டானா, குளிருக்குப் போத்திக்கிட்டுப் படுக்குறானான்னு." நான் பெரியவனான பிறகும் நீ அதை அடிக்கடி சொன்னாய். ஒரு சொல்லும் மாறாது.

அப்பா சாவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, வாசலில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தவர், கேட்காமலே என்னிடம் சொன்னார். "தாத்தா ஒங்களக் கூட்டிட்டுப் போன ரெண்டொரு நாள்லயே ஒங்கம்மாவுக்குத் தொண்ட அடைச்சிருச்சுப்பா. அப்புறம் ஒரு பேச்சு வரல. அக்கா வந்தப்ப கண்ணத் தெறந்து பாத்தா, அம்புட்டுத்தான்."

இதை நான் உன்னிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் நீ என் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணியிருப்பாய். உலகத்தில் யாரையும் நம்பாத நீ, நான் உன்னை நம்பினேன் என்பதை மட்டும் கடைசி வரை நம்பினாய். அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மாவின் குரல் எனக்கு ஞாபகமில்லை, அக்கா. எவ்வளவு முயன்றாலும் வருவதில்லை. கண் மூடினால், சின்னவன் சாப்பிட்டானா என்று உன் குரல்தான் கேட்கிறது. அதையே அம்மாவின் குரலாக வைத்துக்கொண்டிருக்கிறேன்.