படுக்க வைத்த கம்ப்யூட்டர்

இன்று காலை ஈரத்துணியால் கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிக் கதவைத் துடைத்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. குங்குமம் மட்டும் லேசில் போகவில்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே மனசு உங்களிடம் பேச ஆரம்பித்துவிட்டது. நான் செய்த கூத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

நீங்கள் இல்லாத முதல் ஆயுத பூஜை இது. என்னைத் தனியாக விட மனசில்லாமல் உங்கள் அக்கா கிணத்துக்கடவிலிருந்து தேங்காயும் வாழைப்பழமுமாக வந்து இறங்கினார். மிக்ஸி, தையல் மெஷின், உங்கள் ஸ்பேனர் பெட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்து, சாமி படங்களுக்கு முன்னால் அடுக்கினோம். கம்ப்யூட்டர்தான் இடைஞ்சல் செய்தது. நிற்க வைத்தால் பின்னால் படங்கள் மறைந்தன.

"படுக்க வெச்சுப்போடு அம்மணி. மேல பொரித் தட்டத்தையும் வெச்சுக்கலாம்" என்றார் அக்கா.

எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. பொரி, கடலை, கொய்யாப்பழம், செவ்வந்திப்பூ எல்லாம் அதன் வயிற்றின்மேல் ஏறின. பூஜையில் வைத்ததை விஜயதசமிக்கு முன்னால் எடுக்கக் கூடாது அல்லவா, அதுவரை அப்படியே படுத்துக் கிடந்தது.

விஜயதசமியன்று காலையில் அதை நிமிர்த்தி மேசையில் வைத்து சுவிட்சைப் போட்டேன். ஒரு கல்யாண ஆரத்தின் டிசைன் பாதியில் நின்றிருந்தது, நல்ல நாளில் அதைத் தொடங்கலாம் என்று நினைப்பு. உள்ளேயிருந்து கொளகொளவென்று ஒரு சத்தம் வந்தது.

அந்தச் சத்தம் எனக்குப் பழக்கமானது. ஆஸ்பத்திரியில் உங்கள் தலைமாட்டில், ஆக்சிஜன் வரும் வழியில் மாட்டியிருந்த பாட்டிலில் தண்ணீர் இப்படித்தான் குமிழியிட்டுக்கொண்டே இருந்தது. அது கேட்கும் வரை நீங்கள் இருக்கிறீர்கள் என்று நான் நாற்காலியில் கண்ணை மூடிக்கொள்வேன். கடைசியில் நர்ஸ் வந்து அதன் திருகை மூடினார். அப்போது அந்த அறையில் விழுந்த அமைதியைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் பேசியதில்லை.

இந்தக் கம்ப்யூட்டரும் போய்விட்டால், நீங்கள் உங்கள் கையால் செய்தது என்று வீட்டில் ஒன்றுகூட மிஞ்சாது. அதுதான் என் பயம். வேலை கிடக்கட்டும், வேறொன்றில் செய்துகொள்ளலாம்.

இதை நீங்கள் பாகம் பாகமாகப் பூட்டிய ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? நகைகளை வரைந்து பளபளப்பு ஏற்றும்போதெல்லாம் என் பழைய கம்ப்யூட்டர் கொதித்துப்போய் நின்றுவிடும். பம்ப் கம்பெனியில் நாள் முழுக்க மோட்டாரைச் சோதித்துவிட்டு வரும் மனுஷன், லீவு நாளிலும் சாப்பாட்டு மேசை நிறையத் திருகாணியைப் பரப்பி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்கு எரிச்சலான எரிச்சல்.

"ஏனுங்க, தண்ணியையும் கரண்டையும் ஒரே பொட்டிக்குள்ள வெக்கறீங்களே, நல்லா இருக்குதுங்களா?"

"உள்ள ஒரு குட்டி மோட்டார் இருக்குது அம்மணி. அது தண்ணியச் சுத்த உட்டு, சூட்ட மேல இருக்கற ரேடியேட்டருக்குக் கொண்டுபோயிரும். கிணத்துல போட்டா என்ன, பொட்டிக்குள்ள போட்டா என்ன, மோட்டார் மோட்டார்தான்."

நான் மதியச் சாப்பாட்டைத் தரையில் பரிமாறினேன். நீங்கள் அதையும் கவனிக்கவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சுவிட்சை அணைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைக் கழற்றினேன். விசிறியின் இறக்கையில் ஒரு செவ்வந்தி இதழ் ஒட்டியிருந்தது. 'இவ்வளவுதானா!' என்று அதை எடுத்துப் போட்டுவிட்டு ஓட விட்டேன். சத்தம் போகவில்லை. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் சூட்டைக் காட்டும் எண் வேறு மளமளவென்று ஏறியது. மறுபடியும் அணைத்துவிட்டு, காந்திபுரத்தில் ஒரு கடைக்குப் போன் செய்து, சத்தம் இப்படி என்று சொன்னேன்.

"பம்ப் போயிருச்சுங்க மேடம். பழைய செட்டுங்களா? புதுசே போட்டுக்கங்க" என்றார் அவர். நேரில் பார்க்காமலே சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் சொல்வது அப்போதுதான் ஞாபகம் வந்தது: "கத்தற மோட்டாருக்கு உசுரு இருக்குது." வீட்டு மோட்டார் முரண்டு பிடித்தால், திருப்புளியின் நுனியை அதன்மேல் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பீர்கள். வைத்தியர் வந்துவிட்டார் என்று சொந்தக்காரர்கள் முன்னாலேயே உங்களைக் கேலி செய்திருக்கிறேன். இப்போது அதே திருப்புளியை எடுத்து, கம்ப்யூட்டரை ஓட விட்டு, அந்தக் குட்டி மோட்டாரின் மூடிமேல் ஊன்றிக் காதை வைத்தேன். அடியில் 'ம்ம்ம்' என்று ஓர் இழை அறுபடாமல் ஓடியது. அதற்கு மேலேதான் கொளகொள.

மோட்டார் சாகவில்லை. வீட்டு மோட்டாருக்குப் பிடிப்பது போல இதற்கும் ஏர் பிடித்திருந்தது, அவ்வளவுதான்! குழாய்க்குள் இருக்கும் கொஞ்சம் காற்று மேலே ரேடியேட்டரில் ஒதுங்கி இருக்க வேண்டியது. நாங்கள் பக்தியோடு படுக்க வைத்ததில் அது மோட்டாருக்குள் புகுந்துகொண்டது. பம்ப் செய்கிற ஊரில், பம்ப் கம்பெனிக்காரர் வீட்டில், மோட்டாரைப் படுக்க வைத்துப் பொரி படைத்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சுவிட்சை அணைத்து, கதவை மாட்டி, அக்காவைக் கூப்பிட்டேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, காற்று மேலே ஏறிப்போகட்டும் என்று மெதுவாக முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்த்தோம். கனம் கொஞ்சநஞ்சமில்லை. அக்கா தொட்டில் ஆட்டுகிறவர் போலவே ஆட்டினார்.

"என்ற தம்பிய இப்படித்தான் ஆட்டித் தூங்க வெப்பேன். லேசுல தூங்கமாட்டான்" என்றார். சொன்னவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

மறுபடி சுவிட்சைப் போட்டோம். சத்தம் முதலில் கூடியது. கடகடவென்று உருண்டது, விட்டு விட்டு வந்தது, மெலிந்தது. பிறகு நின்றுவிட்டது. அந்தக் கணம், சொல்கிறேனே, நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"என்ன அம்மணி, நின்னுபோச்சா?" என்று அக்கா பதறினார்.

கண்ணைத் திறந்தேன். திரையில் என் ஆரம் இருந்தது. சூடு காட்டும் எண் இறங்கிக்கொண்டிருந்தது.

"சத்தந்தானுங்க நின்னுச்சு. இது ஓடுதுங்க."

"போச்சாது, உட்டுத் தள்ளு. அடுத்த வருசம் நிக்க வெச்சே கும்புட்டுக்கலாம்" என்று சொல்லிவிட்டு அக்கா பொரியைக் கொறிக்க உட்கார்ந்துவிட்டார். நான் அவர் மடியில் தலை வைத்து அழுதேன். வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியில் வந்த அழுகை அது.

ஒன்று உங்களிடம் சொல்லவில்லை. நீங்கள் போனதிலிருந்து இந்த வீட்டில் டிவி ஓடிக்கொண்டே இருக்கும். நான் பார்ப்பதில்லை, சத்தம் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். மறுநாள் அக்கா ஊருக்கு பஸ் ஏறிய பிறகு, ஆரத்தில் மிச்சமிருந்த மாங்காய் வடிவங்களை வரைய உட்கார்ந்தேன். டிவியில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எழுந்துபோய் அணைத்தேன். வீடு அமைதியானது, நான் வரைந்துகொண்டிருந்தேன்.