பின் சீட்டுக்காரி

புரட்டாசி 5, ஞாயிறு

மேகமூட்டம். மழை வரும் வரும் என்று மாடித் துணியை இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவை போட்டேன். வரவில்லை.

ஆயுத பூஜை லீவில் தனுஷ்கோடி. மூன்று பைக். போன இரண்டு வருடமும் எங்கள் வீட்டுக்காரர் கம்பெனி சிநேகிதர்களோடு ஊர் ஊராகப் போய் வந்தார், நான் போட்டோ பார்த்தேன். இந்தத் தடவை நானும் வருவேன் என்று ஒரே பிடி. நான் பார்த்த தூர ஊர் திருப்பதி. அதுவும் பஸ்ஸில், ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்துக்கொண்டே.

(எங்கள் வீட்டுக்காரர் என்று முழுசாக எழுதக் கை வலிக்கிறது. இனி வீ.கா.)

இன்றைக்கு ஒத்திகை. பட்டாபிராமிலிருந்து திருத்தணி. போகும்போது ஜோர். கனகம்மாசத்திரம் தாண்டியதும் இடுப்பில் ஒரு பிடிப்பு. சாமி கும்பிட்டுத் திரும்பும்போது தொடை மரத்துப்போய் முதுகெலும்பு முடிகிற இடத்தில் நெருப்பு. திருவள்ளூரில் இறங்கி நின்றுவிட்டேன்.

"இன்னாமே, ஏறு."

"ஏறுவேன். உக்கார மாட்டேன். நின்னுகினு வரட்டா?"

கடைசியில் அவர் வண்டியில், நான் மின்சார ரயிலில். பெட்டி காலி. ஒரு பெண் நகர்ந்து இடம் கொடுத்தாள். "உக்காருக்கா, எடம் கீது." உட்கார முடியாமல்தானம்மா இதில் ஏறினேன் என்றேன். அவள் மூட்டையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

புரட்டாசி 6, திங்கள்

வெயில். கம்பெனி. நான் பேன்ட் தைக்கிற லைனில் இருக்கிறேன், உள்கால் தையல் என் வேலை. மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தால் எரிகிறது. பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுத் தைத்தேன்.

பக்கத்து மிஷின் மல்லிகா: "இன்னாக்கா, முட்டை மேல உக்காந்த மாரி கீற?"

"ஆமாண்டி, அடை காக்குறேன். பொரிஞ்சா உனக்கு ஒண்ணு தரேன்."

சாயங்காலம் வீ.கா. மருந்துக்கடையிலிருந்து காற்றடிக்கிற வளையம் வாங்கி வந்தார். மூலக்காரர்கள் வைத்துக்கொள்வது. துண்டில் சுற்றி பின் சீட்டில் கட்டினார். தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் அது எழுப்பிய சத்தத்துக்கு, எதிர்வீட்டு நாயே திரும்பிப் பார்த்தது. நான் இல்லை, வளையம் என்று எத்தனை பேரிடம் சொல்ல?

புரட்டாசி 8, புதன்

பாடி மேம்பாலத்தின் கீழே கரீம் பாய் கடை. சீட் கட்டுகிறவர். தூரம் போகிறவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்களாம். பழைய உறையை உரித்து, பஞ்சை அழுத்திப் பார்த்து, "இது சீட்டே இல்லண்ணே, பலகை" என்றார். நல்ல கெட்டிப் பஞ்சு வைத்து, உட்காருகிறவர் அளவுக்குப் பள்ளம் செதுக்கித் தருவாராம்.

"பின்னாடி உக்காரப்போறவங்க ஏறி உக்காருங்க. சாக்பீஸ்ல வரைஞ்சிக்கிறேன்."

நடு ரோட்டு ஓரம். பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம். டீ குடித்துக்கொண்டு நாலு லாரிக்காரர்கள். பின்பக்கத்தைச் சுற்றி ஒரு ஆள் சாக்பீஸில் கோடு போடுவதா? ஊரையே கிண்டல் செய்கிற வாய், அங்கே ஒட்டிக்கொண்டது.

"எனக்கு பதிலா நீயே உக்காருய்யா. ரெண்டும் ஒரே சைஸ்தான்."

வீ.கா. பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். பாய் குனிந்து வரைந்தார். வீ.கா. கூச்சத்தில் நெளிய, பாய், "ஆடாதண்ணே, அண்ணியே பரவால்ல போலகீது" என்றார். லாரிக்காரர்களும் சிரித்தார்கள். நானும்.

புரட்டாசி 11, சனி

காலையில் தளிகை. வடை பாதி தீய்ந்தது, பெருமாள் ஒன்றும் சொல்லவில்லை.

சீட் வந்துவிட்டது. கறுப்பு உறை, ஓரத்தில் சிவப்பு நூல். தையல் நல்ல தையல், குறை சொல்ல இடமில்லை. பின்னால் இரண்டு பள்ளம், நடுவில் ஒரு மேடு. பெருமையாக ஏறி உட்கார்ந்தேன். எப்போதும் போல ஒருபக்கமாக, சேலையை இழுத்து விட்டுக்கொண்டு.

ஆவடி மார்க்கெட் வரைக்கும்தான் போனோம். ஒரு பாதி பள்ளத்தில், மறு பாதி மேட்டில். பிரேக் போட்டால் ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாறுகிறேன். குண்டும் குழியுமான அம்பத்தூர் ரோட்டைச் சுருட்டி எனக்கு அடியில் வைத்த மாதிரி. திரும்பி வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன், ஆனால் வீட்டு வாசலில் இறங்கும்போது கால் மடங்கிவிட்டது. பார்த்துவிட்டார்.

ரொம்ப நேரம் சாவியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீ இந்த வாட்டி ஊட்லயே இரு சாந்தி. கூட வர்ற பாபு வேற, லேடீஸ் வந்தா மணிக்கொருவாட்டி நிறுத்தணும்ன்றான். அட்த்த வருசம் பாக்கலாம்."

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். அவர் முகம் என்னைவிட வாடி இருந்தது.

"சரிய்யா. எனக்கு ஒரு பாட்டில்ல கடல் தண்ணி புட்ச்சிகினு வா, கால் நனைச்சிக்கிறேன்" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நானும் உள்ளே போய்க் கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினேன்.

புரட்டாசி 12, ஞாயிறு

தூறல். பாய் கடை லீவு. நாளைக்குத் திருப்பிக் கொடுத்துப் பழைய மாதிரியே கட்டிவிடச் சொல்லலாம் என்று வீ.கா. சீட்டைக் கழற்றி ஹாலில் பெஞ்சு மேல் வைத்துவிட்டு முடி வெட்டப் போனார்.

கீரை ஆய வேண்டும். தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். வீட்டில் யாருமில்லை, நைட்டிதானே என்று பெஞ்சின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு அந்தச் சீட்டிலேயே உட்கார்ந்தேன். முன்னால் முறம்.

கீரை முடிந்தது. பீன்ஸ் நறுக்கினேன். வெங்காயம் உரித்தேன். சீரியலின் மறு ஒளிபரப்பு பார்த்தேன். விளம்பரம் வந்தபோதுதான் உறைத்தது: எழுந்திருக்கவே தோன்றவில்லை. எரியவில்லை, மரக்கவில்லை. இரண்டு பள்ளத்திலும் சரியாக அடங்கிவிட்டேன்.

பாய் மேல் தப்பே இல்லை. பாய் வரைந்தது வீ.கா. உட்கார்ந்ததை. அவர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தார். நான் உட்காருவது ஒருபக்கமாக. யாருக்கும் தோன்றவில்லை. எனக்கே தோன்றவில்லையே.

வந்ததும் சொன்னேன். பாதி முடி வெட்டின மாதிரி முழித்தார்.

"சேலையோட எப்டிமே ரெண்டு பக்கம் கால் போடுவ?"

"சேலை எதுக்கு? பேன்ட்டு போட்டுக்கிறேன்."

"பேன்ட்டா? இந்த வயசுலயா? தெருவுல இன்னா சொல்லுவாங்க?"

"தெரு இன்னா எம் பின்னாடி உக்காந்துகினா வரப்போவுது?"

துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார். ஆனால் சீட்டை பாய் கடைக்கு எடுத்துப்போகிற பேச்சை அப்புறம் எடுக்கவில்லை.

புரட்டாசி 13, திங்கள்

ஊருக்கெல்லாம் பேன்ட் தைத்து அனுப்புகிறேன். நான் ஒன்றுகூடப் போட்டதில்லை. மல்லிகாவிடம் சொன்னதும் சாப்பாட்டு நேரத்தில் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தாள், பாத்ரூம் பக்கம் தள்ளிக்கொண்டு போனாள்.

"வயித்த உள்ள இழுக்கா."

"இழுத்துகினுதான்டி நிக்கிறேன்."

அவள் சிரித்ததில் அளவு தப்பி இரண்டாம் தரம் எடுத்தாள். ஜீன்ஸ் துணி வேண்டாம், அதில் நான் தைக்கிற அந்த உள்கால் தையல்தான் உட்காருகிற இடத்தில் தடித்துக்கொண்டு அறுக்கும். இழுபடுகிற பருத்தித் துணி. கறுப்பு. மேலே முட்டி வரைக்கும் டாப்ஸ், அதற்கு மல்லிகாவின் பழையது ஒன்று போதும்.

வாங்க வேண்டியது: துணி, எலாஸ்டிக், பூசணிக்காய், பொரி, வீ.கா.வுக்கு வாயை அடைக்க மிக்சர்.

புரட்டாசி 14, செவ்வாய்

தைத்தாகிவிட்டது, ஒரு கால் மடிப்பு தவிர. கடைக்குப் போய் வருவதற்குள் வீ.கா. வீட்டுத் தையல் மிஷினைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டார். நாளைக்கு ஆயுத பூஜை, இனி தொடக்கூடாது.

"வேணும்னே பண்ணியா?"

"சத்தியமா இல்லமே."

ஊசிக்குப் பொட்டு வைக்க மறந்துவிட்டார். கையால் மடித்துத் தைத்தேன். கொஞ்சம் கோணல்.

போட்டுக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். கால் இரண்டும் தனித்தனியாக நடப்பது வேடிக்கையாக இருந்தது. வீ.கா. தலை முதல் கால் வரை பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

கழற்றி மடித்து வைத்தேன். சரி, போகட்டும். மனசுக்குள் அவ்வளவு லேசாக இல்லை.

புரட்டாசி 15, புதன்

நல்ல வெயில். வாசலில் சத்தம். வீ.கா. வண்டியைக் கழுவிவிட்டு வலது பக்கம் தரையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கட்டை. இடது பக்கத்தது என் செருப்புப் பட்டுத் தேய்ந்து கிடக்கிறது. வலது பக்கத்தது வண்டி வாங்கிய நாளிலிருந்து மடங்கியே இருந்து துருப்பிடித்து இறுகிவிட்டது. நேற்று சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு போனது எண்ணெய் வாங்க.

எண்ணெய் விடுகிறார். தட்டுகிறார். இழுக்கிறார். வரவில்லை. திரும்ப எண்ணெய்.

"பூஜைக்கு நேரமாவுது, சுத்தியல கீழ வையி."

"இரு. இத்த தொறந்துட்டு வெக்கிறேன்."

நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் குங்குமத் தட்டோடு அங்கேயே நின்றேன். கிரீச் என்று ஒரு சத்தம். திறந்துவிட்டது. துணியால் துடைத்தார், துடைத்தார், அவ்வளவு துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"கால் வெச்சி பாரு."

வைத்தேன். வண்டிக்கு மாலை. பூசணிக்காயை அவர் உடைத்தார், நான் சுற்றினேன்.

புரட்டாசி 16, வியாழன்

திண்டிவனம் தாண்டி ஒரு டீக்கடை. மடியில் வைத்து எழுதுகிறேன், எழுத்து கோணும்.

விடியற்காலை கிளம்பினோம். கோலம் போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டம்மா நிமிர்ந்து, "யாரு, ஏழுமலை கூட போறது?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாள். "அவரு ரெண்டாவது சம்சாரம்!" என்று நானே கத்திவிட்டு வந்தேன். வீ.கா. தோள் குலுங்கியது. சிரிப்புதான்.

நெமிலிச்சேரியில் மற்ற இரண்டு வண்டியும் சேர்ந்துகொண்டன. பாபு பார்த்துவிட்டு, "அண்ணி, சும்மா அதிருது" என்றார். "உன் சீட்டப் பாத்துக்கோ கண்ணு" என்றேன். இதுவரை நிறுத்தச் சொன்னது இரண்டு தடவையும் பாபுதான். இப்போதும் அவர்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு புளியமரத்தடியில் நடக்கிறார்.

எனக்கு ஒன்றும் இல்லை. கொஞ்சம் முட்டி பிடிப்பு, அது சும்மா.

ஒன்று எழுத வேண்டும். இத்தனை வருடம் இவர் பின்னால் போனதில் நான் பார்த்ததெல்லாம் ரோட்டின் இடது பக்கம். கடை, சுவர், போஸ்டர், சுவரோரம் நிற்கிறவன் முதுகு. எது வருவதும் முன்னாலேயே தெரியாது. எங்கே போகிறோம் என்பது அவருக்குத்தான் தெரியும், எனக்குத் தாண்டினது மட்டும் தெரியும். இன்றைக்கு அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். ரோடு நேராக என்னைப் பார்த்து வருகிறது. லாரி வருவது தெரிகிறது. ஏரி வருவது தெரிகிறது. மழை பெய்கிற இடம்கூடத் தூரத்திலேயே தெரிந்தது, அவர் காதில் சொன்னேன், "தோ, நனையப்போறோம்." "தெர்தா உனக்கு?" என்றார்.

தெரிகிறது என்றேன்.

கூப்பிடுகிறார். ஹெல்மெட்டை எங்கே வைத்தேன்