பூமிக்கடியில் ரயில் விட்ட அண்ணனுக்கு

என் ரத்தமே, அண்ணா,

உன் ரயிலில் ஏறிவிட்டேன். நீ இருந்தபோது எத்தனை தரம் கூப்பிட்டாய். பூமிக்குள் இறங்க மாட்டேன் என்று நான்தான் வரவில்லை.

நீ பார்த்த அந்த வேலைக்கே இப்போது என் மகள் மீனாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பெண்பிள்ளையைக் குழிக்குள் அனுப்புவதா என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. "மாமா இருந்த எடத்த ஒரு தரம் பாத்துட்டு அப்பறம் வேணாம்னு சொல்லு" என்று இழுத்துப்போனாள்.

மலையிலிருந்து இறங்கிப் போளூர் ஸ்டேஷனில் கொடி காட்டப் போனவன் நீ. பட்டணத்தில் பூமிக்கடியில் முதன்முதலாக ரயில் விட்டபோது மேனேஜர் ஆனாய். நீதான் ரயிலை ஓட்டுகிறாய் என்று நான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன்.

அங்கே உன்னோடு வேலை பார்த்த ஒரு அம்மா அதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "ஓட்டறது வேற ஆளுங்க. சார் சொன்னாத்தான் அது நகரும்" என்று நீ உட்கார்ந்த அறையைக் காட்டினார். சன்னலே இல்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன விளக்குகள். ஒவ்வொன்றும் ஒரு ரயிலாம்.

"கோயிலுக்குள்ள வந்த மாதிரி கீது" என்றேன். மீனா என் கையைக் கிள்ளினாள்.

அந்த அம்மாதான் சொன்னார், ரயில் விட்ட புதிதில் ஒரு மழைநாளில் கரண்ட் போய், ரயில் பாதி வழியில் நின்றுவிட்டதாமே. உள்ளே இருட்டு, ஜனம், பிள்ளைகளின் அழுகை. நீ மைக்கைப் பிடித்தாயாம். "நான் இங்கதான் கீறேன். ஒங்க எல்லாரையும் வெளிய கொண்டாந்துட்டுத்தான் எழுந்திருப்பேன்" என்றாயாம். கடைசி ஆள் படியேறும்வரை பேச்சை நிறுத்தவில்லையாம்.

வீட்டில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசாதவன் நீ. அவ்வளவு நேரம் என்ன பேசினாய்?

புளி உலுக்கப் போய், மரத்திலிருந்து இறங்கத் தெரியாமல் நீ அழுத கதையாம். அந்த இருட்டிலும் ஜனம் சிரித்ததாம். சின்னவள் நான் கீழே நின்று, "இந்தக் கெளையில காலு வை, நான் பாத்துனுகீறேன்" என்று பேசிப் பேசியே உன்னை இறக்கினேனே, அதையும் சொன்னாயா?

பிறகு ரயிலில் ஏறினோம். நான் கம்பியை விடவில்லை. எதிரே ஒருத்தி பூக் கட்டிக்கொண்டு வந்தாள். அவள் மடியில் ஒரு பிள்ளை தூங்கியது. தலைக்குமேல் ஊரே நடக்கிறது, கீழே ஒரு முகத்தில்கூடப் பயமில்லை. அதுதான் மேனேஜர் வேலையா அண்ணா? இத்தனை வருடம் எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

திங்கட்கிழமை மீனா வேலையில் சேர்கிறாள். போளூர் வரை நானே கொண்டுபோய் பஸ் ஏற்றிவிடுவேன். அழமாட்டேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க முடியாது. அனுப்பிவைப்பேன், அதற்கு வாக்குத் தருகிறேன்.

உனக்கு அடுத்துப் பிறந்தவள்,
மல்லிகா