பிள்ளைகள்: இல்லை

ஹார்வுட், சஸ்காச்சுவான்
பிப்ரவரி 14, 2016

என் மனாங், நெனிதா அக்காவுக்கு,

போன மாதமே எழுதியிருக்க வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன், திட்டாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்லலாமென்றால் மைமை உன் மடியை விட்டு இறங்குகிறாளா? "டீட்டா, பனியைத் தின்னா பல்லு உடையுமா?" என்று இந்தச் சித்தியிடம் அவளே பேசி முடித்துவிடுகிறாள். அவள் காதில் விழக்கூடாத விஷயம் இது. அதனால்தான் தபால்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். மாகாணம் என்னைப் பரிந்துரை செய்து ஒரு வருஷம் ஆகிறதல்லவா, இப்போது குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. நிரந்தரமாகத் தங்க இதுதான் கடைசிப் படி. எங்கள் முதியோர் இல்லத்து மேலாளர் அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு, "இந்தக் குளிருக்கு எங்க ஆளுங்களே ஓடிப்போறாங்க. நீ இங்கயே இருக்கேன்னு சொல்றியே பொண்ணே, உனக்குப் புத்தி சரியா இருக்கா?" என்று சிரித்தாள்.

ஆனால் குடும்ப விவரப் படிவத்தை மறுபடி நிரப்பச் சொல்லியிருக்கிறார்கள். 'பிள்ளைகள்' என்ற கட்டத்துக்குக் கீழே, உடன் வருகிறவர், வராதவர் எல்லோரையும் எழுதவும் என்று இருக்கிறது. முதல் தடவை நான் 'இல்லை' என்று எழுதினேன். காகிதப்படி அது உண்மைதானே. நான் நர்சிங் மூன்றாம் வருஷத்தில் வயிற்றோடு வந்து நின்றபோது நீதான் மருத்துவச்சியிடம், "தாய் பேர் நெனிதான்னு போடுங்க, தகப்பன் பேர் ரொமெல்" என்றாய். நம் தெருவிலேயே இப்படிப் பெரியவள் பேரில் பதிந்த பிள்ளைகள் மூன்று உண்டு. யாரும் அதைத் தப்பென்று சொன்னதில்லை. அப்போது உனக்கும் கல்யாணமாகி எட்டு வருஷமாகப் பிள்ளை இல்லை. நான் தலையாட்டினேன்.

இப்போது எழுதாமல் விட்டால், பின்னால் எப்போதுமே மைமையை என் மகளாக அழைத்துக்கொள்ள முடியாது. இங்கே என்னோடு வேலை பார்க்கும் ஜோவெலினுக்கு இதெல்லாம் அத்துப்படி. அவள்தான் சொன்னாள். மைமை பேரை எழுத வேண்டுமானால் பிறப்புப் பதிவைத் திருத்த நீயும் அத்தானும் சம்மதிக்க வேண்டும். ஏப்ரல் இருபதுக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும்.

கேட்கவே கை கூசுகிறது. கேட்டுவிட்டேன்.

உன் கிறிசெல்


இலோய்லோ
மார்ச் 9, 2016

என் கண்ணு இந்தாய், என் தங்கச்சி,

உன் கடிதத்தை மீன் கழுவிய கையோடு பிரித்தேன். எழுத்தெல்லாம் நனைந்துவிட்டது. ஆனாலும் படித்தேன்.

இங்கே எல்லோரும் சுகம். மைமைக்கு முன்பல் இரண்டும் விழுந்தாயிற்று. பள்ளியில் ஆங்கிலப் பாட்டுக்கு முதல் பரிசு. பக்கத்து வீட்டு போசிங், "பாடும்போது அப்படியே உங்க தங்கச்சி வாய்" என்றாள். "வாய்க்கு என்ன குறை எங்க குடும்பத்துல" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

நீ கேட்டதை உன் அத்தானிடம் சொன்னேன். இரண்டு நாள் சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்லவில்லை. பிறகு நகரத்துக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்து வந்தார். பொய்யாகப் பிறப்புப் பதிந்தது குற்றமாம் இந்தாய். வழக்கு வருஷக்கணக்கில் இழுக்குமாம். அரசுப் பள்ளி வாத்தியாருக்கு வேலை போகுமாம்.

நீ எழுதியது பொய்யில்லை. காகிதப்படி உனக்குப் பிள்ளை இல்லை. அவள் பட்டினி கிடக்கிறாளா? அடி வாங்குகிறாளா? ஜுரம் வந்தால் ராத்திரி யாரைக் கூப்பிடுகிறாள் என்று உனக்குத் தெரியுமா? உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. எழுதிவிட்டேன், அந்த வரியை அடித்துவிட மனம் வரவில்லை.

கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

மனாங்


ஹார்வுட்
மார்ச் 28, 2016

என் மனாங்,

ஜுரத்தில் யாரைக் கூப்பிடுகிறாள் என்று எனக்குத் தெரியும். உன்னைத்தான். அதை நினைக்காமல் நான் ஒரு நாளும் கண் மூடியதில்லை.

இங்கே ஒவ்வொரு காலையும் ஆறு கிழவிகளுக்குத் தலை வாரிவிடுகிறேன். அதில் ஒருத்தி, "உனக்குப் பெண் குழந்தை இருக்கு, சீப்பைப் பிடிக்கிற விதத்துலயே தெரியுது" என்றாள். நான் இல்லை என்றேன். "போடி பொய்க்காரி" என்றாள். அவளுக்குத் தன் பேரே மறந்துபோன நிலை.

ஜோவெலின் சண்டைக்கே வந்துவிட்டாள். "அக்காவுக்குப் பாவம் பார்த்து உன் வயித்துல நீயே மண்ணைப் போட்டுக்கப் போறியா? எழுதுடி. ரத்தப் பரிசோதனை எதுக்கு இருக்கு?" என்கிறாள். அது சரி. பரிசோதனை நான்தான் தாய் என்று சொல்லும். உன்னையும் அத்தானையும் பற்றி என்ன சொல்லும்?

இரவெல்லாம் உங்கள் இருவரையும் எதிரில் நிறுத்திப் பேசிப் பார்க்கிறேன். நீ ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும். 'சரி' என்றாலும் போதும், 'வேண்டாம்' என்றாலும் போதும். வேண்டாம் என்றால் உன்மேல் கோபப்பட மாட்டேன் என்று எழுத ஆரம்பித்தேன். அதைச் சத்தியமாகச் சொல்ல முடியவில்லை, விட்டுவிடுகிறேன்.

ஏப்ரல் இருபது, மறக்காதே.

கிறிசெல்


இலோய்லோ
ஏப்ரல் 15, 2016

இந்தாய்,

உன் இரண்டாவது கடிதம் நேற்றுத்தான் வந்தது. மூன்று தடவை போனைக் கையில் எடுத்தேன். மூன்று தடவையும் அவள், "டீட்டாவுக்கா? நான் பேசறேன்!" என்று ஓடி வந்தாள். அவள் தூங்கிய பிறகாவது கூப்பிட்டிருக்கலாம். இதெல்லாம் எழுதினால்தான் எனக்கு வரும்.

எழுது. அவள் பேரை எழுது.

நேற்று அவளிடம் சும்மா, "டீட்டாவோட போய் இருக்கியா?" என்று கேட்டேன். "அம்மாவும் வந்தா வர்றேன்" என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த 'அம்மா' என்கிற வார்த்தையைக் கேட்டுக் கேட்டு ஆறு வருஷமாக நான் வயிறு நிறைந்திருக்கிறேன். நீ அங்கே யாரோ கிழவிகளுக்குத் தலை வாரிக்கொண்டிருக்கிறாய்.

உன் அத்தானும் சரி என்றுவிட்டார். "ஜெயில்ல போட்டா என்ன, அங்கயும் நாலு பேருக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பேன்" என்கிறார். பேச்சுக்குத்தான். ஆனாலும் வக்கீல் கொடுத்த சம்மதப் பத்திரத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இதோடு வைத்திருக்கிறேன், இருபதுக்குள் உன் கைக்கு வர வேண்டுமே.

இனி உன் பாடு, கடவுள் பாடு.

நெனிதா


ஹார்வுட்
ஜூன் 5, 2016

மனாங்,

உன் கடிதம் மே நான்காம் தேதி கிடைத்தது. பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி வரை பார்த்தேன். உன்னிடமிருந்து எதுவும் வரவில்லை. வராததே பதில் என்று நினைத்துக்கொண்டேன். அத்தான் பள்ளிக்கூட வாசலில் போலீசோடு நிற்கிற மாதிரியும், மைமை அதைப் பார்க்கிற மாதிரியும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். போன வாரம் நிரந்தர அனுமதி வந்தது. மேலாளர் அம்மாள் கேக் வெட்டினாள். ஜோவெலின் வரவில்லை.

ஏன் போனில் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று உன்னைக் கேட்க மாட்டேன். நானும் கேட்கவில்லையே. அந்த இரண்டு மாதத்தில் எத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசினோம்! மழை, பல், மீன் விலை. வேறென்ன பேசினோம் நாம்?

நேற்று நகரத்துக்குப் பஸ் பிடித்துப் போய், குடிவரவு விஷயம் பார்க்கிற ஒரு பெண்மணியைப் பார்த்தேன். உன் பத்திரத்தைக் காட்டினேன். நல்லவள்தான். இரண்டு தடவை படித்தாள். "அவளை உங்க பிள்ளைன்னு இனிமே சொன்னா, பொய் சொல்லி வந்தீங்கன்னு ஆகும். அனுமதியே பறிபோகலாம். மகளாக் கூப்பிட்டுக்க வழி தெரியல" என்றாள். வேறு எந்த வழியும் இல்லையா என்று கேட்டேன். சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "அக்கா மகளைக் கூப்பிட ஒரு வழி இருக்கு. அவ அநாதையா இருக்கணும். அப்பா அம்மா ரெண்டு பேரும் இறந்திருக்கணும். பதினெட்டு வயசுக்குள்ள" என்றாள்.

எழுந்து வந்துவிட்டேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே ஒன்றுமே இல்லாத வயல். மைமைக்குப் பதினெட்டு ஆக இன்னும் பன்னிரண்டு வருஷம் என்று மனசு சொன்னது. அத்தானுக்கு இப்போது ஐம்பத்தொன்று, ரத்த அழுத்தம், அவருடைய அப்பாவும் அறுபதைத் தாண்டவில்லை. இதுவும் தானாக ஓடியது. அதற்கு அடுத்து உன் வயதுக்கு வந்தபோதுதான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லிச் சாலையோரத்தில் இறங்கிவிட்டேன். அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் நின்றேன்.

இதை உனக்கு எழுதக்கூடாது. வேறு யாருக்கு எழுதுவேன்?

அத்தானை உப்பைக் குறைக்கச் சொல். மாத்திரை தீர்ந்தால் அன்றைக்கே வாங்கு. நீயும் மார்பில் ஏதாவது கட்டி இருக்கிறதா என்று வருஷம் ஒருமுறை பார்த்துக்கொள், வெட்கப்படாதே, நான் நர்ஸ் சொல்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ரொம்ப நாள் இருக்க வேண்டும். அவளுக்காக இருக்க வேண்டும். நான் நல்லவளாகவே இருக்கவும் நீங்கள் இருக்க வேண்டும்.

இந்த ஞாயிறு என்னால் பேச முடியாது. அவள் கேட்டால் டீட்டாவுக்கு வேலை என்று சொல்.

கிறிசெல்