முழங்காலை விசாரித்தவன்

அன்புள்ள கட்டெறும்புக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் தம்பியும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாக இருப்பதாக உன் பேரில் ஒரு திருடன் தெரிவித்தான், அதை நீயும் ஒரு வார்த்தை சொன்னால் நிம்மதி. போனில் வரும் எதையும் இப்போதைக்குத் திறக்கக் கூடாது என்று தம்பி தடை போட்டிருக்கிறான், அதனால்தான் தாளும் பேனாவும்.

சலவைக் கடைக்கு வருகிறவர்கள் உன் வேலையைப் பற்றிக் கேட்டால் கம்ப்யூட்டர் என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். கம்பெனிக்காரர்களே கூப்பிட்டு, எங்கள் பூட்டை உடைத்துக் காட்டு என்று சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் யார் நம்புவார்கள். அப்பாதான் சுலபமாகச் சொன்னார், "அவளும் உன்ன மாதிரிதான், அடுத்தவன் பாக்கெட்டுல கைய விட்டுச் சம்பளம் வாங்குறா." யோசித்தால் சரிதான். துணியை மெஷினில் போடும் முன் எல்லாப் பாக்கெட்டிலும் கை விடுகிறேன், சாவி வருகிறது, மோதிரம் வருகிறது, பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாத சினிமா டிக்கெட் வருகிறது. கவரில் போட்டுத் துணியோடு கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். கொடுக்காமல் விட்டால் நானும் திருடிதான், கை என்னவோ அதே கை.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் உன் பேரில் ஒரு செய்தி, "அம்மா, முழங்கால் வலி எப்படி இருக்கு, தைலம் தடவுறியா" என்று. அப்புறம் அப்பாவின் இருமல், பாத்ரூம் குழாய் ஒழுகல் என்று ஒன்றுவிடாமல் விசாரணை. நானும் தினமும் பதில் போட்டேன். கடைசியில் பேங்கிலிருந்து என் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதை அனுப்பு என்று வந்தது. குழாய் சரியாகிவிட்டது, நம்பரை நேரில் வந்து வாங்கிக்கொள் என்று எழுதினேன். அத்தோடு ஆளைக் காணோம்.

உன் கணக்கில் புகுந்து நான் உனக்கு எழுதியதை எல்லாம் அவன் படித்திருக்கிறான் என்று தம்பி சொன்னான். படிக்க ஒருத்தனாவது இருந்தானே. ஊரார் பூட்டைச் சோதிக்கிற நீ உன் கணக்குக்கு வைத்திருந்த பாஸ்வேர்டு கட்டெறும்பாமே, நெட்டில் என் படத்தைப் போட்டு அம்மா வைத்த செல்லப் பேர் என்று நீயே ஊருக்கெல்லாம் சொல்லியும் வைத்திருந்தாயாமே. அதற்குத் திட்டத்தான் உட்கார்ந்தேன், நடுவில் சந்தோஷம் வந்து தொலைத்துவிட்டது.

அம்மா ஏமாந்துவிட்டாளோ என்று தம்பியிடம் பதறினாயாம். முதல் வரியிலேயே அது நீ இல்லை என்று எனக்குத் தெரியும். நீ என் முழங்காலை ஒருநாளும் கேட்டதில்லை. தெரிந்துமா பதில் போட்டாய் என்று தம்பி குதிக்கிறான். ஒருத்தர் கேட்கும்போது சொல்லாமல் இருக்க மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு, நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்வேர்டை மாற்று, வீட்டில் யாரும் கூப்பிடாத பேராக வை. இப்போதைக்கு நம் வீட்டுப் பாதுகாப்பு ஏற்பாடு இதுதான்: யார் என் முழங்காலை விசாரித்தாலும் அது நீ இல்லை. இதை நீ சீக்கிரம் கெடுத்துவிட்டால் எனக்குச் சந்தோஷம்.

இப்படிக்கு,
வலி குறையாத
அம்மா