எல்லாரும் பூடோவுக்கு வாங்க

பூடோ, மே 9

அன்பு மகள் தூர்திஸுக்கு,

அம்மா எழுதுகிறேன். சிலியில் குளிர் தொடங்கியிருக்கும். மீன் பண்ணை ஈரத்தில் நின்றுகொண்டு, எனக்கு ஒன்றும் ஆகாது என்று வீரம் பேசாதே. அந்த வீரம் யாரிடமிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

பேச்சு சிகிச்சையாளர்களின் தேசிய மாநாட்டை இந்த வருடம் என் தலையில் கட்டிவிட்டார்கள். நவம்பரில், நம் பூடோவில். ஓஸ்லோக்காரர்களை நவம்பரில் வடக்கே வரச் சொன்னால் நாடு கடத்துகிற மாதிரி முகம் போகிறது. "அங்க வெளிச்சமே இருக்காதே, குன்வோர்" என்று ஒருத்தி போனில் சிணுங்கினாள். "காதால கேக்குறதுக்கு வெளிச்சம் எதுக்கும்மா?" என்றேன். கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். முந்நூறு பேர் உட்காரும் மண்டபத்தைப் பேசிவிட்டோம். இதுவரை பதிவு செய்தவர்களை ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். கூட்டம் சேராவிட்டால் இனி இந்தப் பக்கம் மாநாடே தரமாட்டார்கள்.

விளம்பரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஐவின் ஒரு யோசனையோடு வந்தான். என்னோடு ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவன்தான், உனக்கு நினைவிருக்கும். "நாம கூப்பிட்டா எவன் வருவான்? பேச்சு போய்த் திரும்பக் கத்துக்கிற ஒருத்தர் கூப்பிடணும். உங்க ஆஸ்பியோர்னை வச்சு ஒரு சின்னப் படம் எடுப்போம்" என்றான். எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் உன் அப்பா இடது கையால் மேசையைத் தட்டி, சரி என்று தலையாட்டிவிட்டார்.

பக்கவாதத்துக்குப் பிறகு அவரிடம் மிஞ்சியது ஆமாம், இல்லை, அப்புறம் இரண்டு கெட்ட வார்த்தை. உனக்குத்தான் தெரியுமே. சொல்ல வராததைப் பாட வைத்தால் சில பேருக்கு வரும். கையால் தாளம் தட்டி, ராகமாக இழுத்து, பிறகு ராகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம். குளிர்காலம் முழுக்க நாங்கள் உன் பெயரைத்தான் அப்படிப் பழகினோம். 'தூ' வரைக்கும் வந்துவிட்டது. படத்துக்குத் தேதி நெருங்கியதால் அதை நிறுத்திவிட்டு வேறொரு வாக்கியத்தைப் பிடித்தோம். உன் பெயர் எங்கே ஓடிவிடப் போகிறது என்று நினைத்தேன்.

"எல்லாரும் பூடோவுக்கு வாங்க." காபிக்கு முன்னால் இதுதான், சாப்பாட்டுக்கு முன்னால் இதுதான், படுக்கப் போகும்போதும் இதுதான். கடைசியில் காமிரா முன்னால் நின்று, பழைய படகுக் கேப்டன் மிடுக்கோடு சொல்லியும்விட்டார். ஐவின் அழுதுவிட்டான். நானும்தான்.

படகுத்துறையில் அவர் உன்னைப் பார்த்துக் கத்தியதை நான் மறக்கவில்லை. தன் படகிலேயே வாங்கிக் கொடுத்த வேலையை உதறிவிட்டுச் சிலிக்குப் போகிறாளே என்ற ஆத்திரம். "போனா அப்படியே போயிடு. திரும்பி வந்து இந்த வீட்டுப் படி மிதிக்காத." அந்த மாதமே பக்கவாதத்தில் விழுந்தார். மூன்று வருடமாகிறது. "வராதேன்னு வாயால சொன்னாருல்ல, வான்னும் வாயாலயே சொல்லட்டும், வரேன்" என்று நீ எழுதினாய். வீம்பில் அப்பாவும் மகளும் ஒரே அச்சு; நடுவில் நான் கிடந்து சாகிறேன். சரி, சொல்ல வைக்கிறேன். 'தூர்திஸ், வா.' அவ்வளவுதானே? அழைப்பு வேலையெல்லாம் முடித்து, இந்தக் கோடைக்குப் பிறகு உட்காருகிறோம். அதுவரை கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அம்மா,
குன்வோர்


பூடோ, நவம்பர் 16

அன்பு தூர்திஸுக்கு,

உன் கடிதங்களுக்கு நான் பதில் போடவில்லை. அம்மாவுக்கு மாநாட்டு வேலை என்று நினைத்திருப்பாய். அப்படியே நினைக்கட்டும் என்றுதான் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் நீ எழுதியதை மட்டும் கைப்பையிலேயே வைத்திருக்கிறேன். "படம் பாத்தேன்மா. நல்லாத்தான் பேசுறாரு. ஊரையே கூப்பிடுறாரு, என்னைக் கூப்பிட மட்டும் வாய் வரல." படித்தபோது உன்மேல் கோபம் வந்தது. அப்புறம் அது என்மேலேயே திரும்பிவிட்டது.

மாநாடு நேற்று முடிந்தது. மண்டபம் நிரம்பி, நாற்காலி போதாமல் பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கினோம். எல்லாம் அந்தப் படம் செய்த வேலை. தொடக்கத்தில் அதைப் போட வேண்டாம் என்று ஐவினிடம் கெஞ்சினேன். "அவரைப் பாக்கத்தானே வந்திருக்காங்க, குன்வோர். நான் என்ன சொல்லட்டும்?" என்றான். அவனுக்கும் முகம் செத்துப்போயிருந்தது. திரையில் அப்பா நீலக் கம்பளிச் சட்டையோடு வந்து நின்று கூப்பிட்டார். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். காபி இடைவேளையில் ஆளுக்கு ஆள் என் கையைப் பிடித்து, எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். நன்றாக இருக்கிறார் என்றேன். குரலைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிறவர்கள் அத்தனை பேரும். என் குரலை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

அப்பா நன்றாக இல்லை, தூர்திஸ். செப்டம்பரில் மறுபடியும் பக்கவாதம் வந்தது. இப்போது நகராட்சிப் பராமரிப்பு இல்லத்தில் படுக்கையில் இருக்கிறார். விழுங்குவதே சிரமம், தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கித்தான் கொடுக்கிறோம். ஆமாம் போய்விட்டது, இல்லை போய்விட்டது, கெட்ட வார்த்தைகளும் போய்விட்டன. 'தூ'வும்தான்.

மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. எல்லாரும் பூடோவுக்கு வாங்க. தாகமெடுத்தாலும் அதுதான். காலைப் புரட்டிப் போடும்போது வலித்தாலும் அதுதான். கஞ்சிக் கிண்ணத்தைத் தட்டிவிட்டு ஆத்திரமாகச் சொல்வதும் அதுதான். "என்ன கேப்டன், இத்தன பேரக் கூப்பிட்டா கஞ்சி பத்தாதே!" என்று ஒரு நர்ஸ் சிரித்தாள். நல்ல பெண்தான், அவரைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். நான் தாழ்வாரத்துக்குப் போய் அழுதேன்.

அதிகம் பழகியது சில சமயம் தங்கிவிடும், இதில் யார் குற்றமும் இல்லை என்று டாக்டர் சொல்கிறார். அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அந்த வசந்தத்தில் உன் பெயரையல்லவா நான் பிடித்திருக்க வேண்டும்? மாநாடு எங்கே ஓடிவிடப் போகிறது?

இப்படி ஒரே வாக்கியம் மிஞ்சிப்போனவர்களின் குடும்பங்களிடம் நானே சொல்லியிருக்கிறேன். "அதுல அர்த்தம் தேடாதீங்க. அது தானா வர்ற சத்தம்." எத்தனை வீட்டில், எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்!

இன்று காலை மாநாட்டு மேடையிலிருந்த பூக்களை அவருக்கு எடுத்துப் போனேன். கூடவே உன் புகைப்படத்தையும், அவர் படகில் நீ சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அது. பூக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. புகைப்படத்தைக் கொடுத்ததும் மார்பின்மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு இடது கையால் போர்வையைத் தட்ட ஆரம்பித்தார், நாங்கள் பழகும்போது தட்டுவது போலவே. செப்டம்பருக்குப் பிறகு ஒருநாளும் அவர் அப்படித் தட்டியதில்லை. தட்டித் தட்டி, இழுத்து இழுத்து, உன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அதையே சொன்னார். எல்லாரும் பூடோவுக்கு வாங்க.

அதற்கு அர்த்தமில்லை என்று என் படிப்பு சொல்கிறது. உன்னிடம் நான் பொய் சொல்லமாட்டேன். அவர் உன் பெயரைச் சொல்லவில்லை. நீ கேட்டதை இனி அவரால் சொல்லவும் முடியாது. காத்துக்கொண்டே இருந்தால் இதுவும் போய்விடும். வாயால் கூப்பிடட்டும் என்றாய். அந்த வாயில் மிச்சம் இருப்பது இவ்வளவுதான், மகளே. இதையே எடுத்துக்கொள்.

கனமான கோட்டு ஒன்று கொண்டு வா. உன் பழையதைப் பூச்சி அரித்துவிட்டது. சூரியன் மதியத்தில் கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது, அதுவும் இன்னும் சில வாரத்துக்குத்தான். எந்த விமானம் என்று மட்டும் சொல், நான் வந்து நிற்கிறேன்.

வழியில் உனக்கு ஒரு குறையும் வராமல், அவர் இருக்கும்போதே வந்து சேர வேண்டும்.

உன் அம்மா,
குன்வோர்