பட்டனில் அப்பிய மண்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், நேரத்துக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று வழக்கம்போல எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு வரவில்லை. தங்கச்சிக்குச் சளி விட்டுவிட்டது, மழைக்கு ஒழுகிய இடத்தை அடைத்தாயிற்று, அதெல்லாம் ஒன்றுமில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்தை விட்டு நகர மாட்டேன் என்கிறார், அதனால்தான் கடிதம்.

எங்கள் பீங்கான் கம்பெனியில் அப்பா ஓட்டுகிற தட்டு அழுத்தும் மெஷினை நீ பார்த்திருக்கிறாய். அச்சில் மண்ணை வைத்துவிட்டு, இரண்டு கையாலும் இரண்டு பட்டனைச் சேர்த்து அழுத்தினால்தான் மேல் அச்சு இறங்கும். இரண்டு கையும் வெளியே இருந்தால் எதுவும் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. எங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா, இடது பட்டனை அமுக்கி அதன்மேல் ஒரு உருண்டை மண்ணை அப்பிவிடுகிறார்கள். காய்ந்ததும் கல் மாதிரி பிடித்துக்கொள்ளும், பழைய மெஷினுக்கு அது கையா மண்ணா என்று எங்கே தெரியப்போகிறது. அப்புறம் வலது கையால் ஓட்டிக்கொண்டே இடது கையால் அச்சில் ஒட்டின பிசிறைத் துடைப்பார்கள், வேலை சரசரவென்று நடக்கும். சூப்பர்வைசர் தலை தெரிந்தால் ஒரு தட்டு தட்டினால் போதும், கீழே கிடக்கிற மண்ணோடு அதுவும் மண்.

பக்கத்து மெஷினில் எப்போதும் பாடிக்கொண்டே ஓட்டுவாரே, அந்தப் பாட்டுக்காரருக்குப் போன வாரம் அப்படித்தான் நான்கு விரல் போய்விட்டது. நான் எதிரே தட்டு விளிம்பைப் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன், பாட்டு பாதியில் நின்றதும் நிமிர்ந்து பார்த்தேன். அப்பாதான் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அந்தச் சட்டையை எத்தனை தண்ணீரில் அலசியும் கறை போகவில்லை. மறுநாள் வேலைக்குப் போனதும் உன் அப்பா எப்போதும்போல அதே மண்ணை உருட்டுகிறார். டீ குடிக்க எல்லோரும் போகும்போது நான் போய்க் கொண்டை ஊசியால் அதை நோண்டி எடுக்கிறேன், அவர் வந்து மறுபடி அப்புகிறார். அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். என் கையை எனக்குத் தெரியாதா, உன் வேலையைப் பார் என்று வாயை அடைத்துவிட்டார்.

வேகத்துக்காகச் செய்கிறார், இந்த வயதிலும் வாலிபன் என்று நினைப்பு என்றுதான் திட்டிக்கொண்டிருந்தேன். நேற்று கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொடுத்தேன், டம்ளரை இடது கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாட்டுக்காரர் வீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டே இருந்தார். குடிக்காமல் ஆறப்போடுகிறாரே என்று வாங்கினேன், என் விரல் சுட்டுவிட்டது. அவர் உள்ளங்கை சிவந்து கிடந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. பிடித்து உலுக்கின பிறகுதான் உண்மை வந்தது. மாதக்கணக்காக அந்தக் கை மரத்துப்போயிருக்கிறதாம், பட்டனை அழுத்த வலு இல்லையாம், தெரிந்தால் மெஷினைவிட்டு இறக்கிவிடுவார்களாம். உன்னிடம் மட்டும் சொல்லக்கூடாது என்று சத்தியம் கேட்டார், நான் கொடுக்கவில்லை. மகனே, அந்த மரத்த கையைத்தான் தினமும் அச்சுக்குள்ளே விட்டுத் துடைக்கிறார். அச்சு தொட்டுவிட்டது, இழுத்துக்கொள் என்று சொல்ல அந்தக் கைக்கு உணர்ச்சியே கிடையாது. இதை நினைத்தால் எதிரே உட்கார்ந்து துடைக்கிற தட்டு கை நழுவி உடைகிறது.

அதனால் நாளைக்கு மெஷின் போடுவதற்கு முன்னால் நான் சூப்பர்வைசரிடம் சொல்லப்போகிறேன். இது உன் கைக்கு வரும்போது சொல்லி முடித்திருப்பேன். அப்பாவை மெஷினைவிட்டு எடுத்துவிடுவார்கள், எல்லோர் முன்னாலும் தலைகுனிவு. அவர் கோபம் உனக்குத் தெரியும், என் முகத்தில் விழிக்க மாட்டார். பேசாமல் இருக்கட்டும். இரண்டு கையையும் கட்டிக்கொண்டு என்னோடு பேசாமல் இருக்கட்டும், அது போதும் எனக்கு.

ஆனால் யாரோடாவது பேச வேண்டும் இல்லையா. நீ அவருக்குப் போன் செய், கையைப் பற்றிக் கேட்காதே, வேறு ஏதாவது பேசு. டாக்டரிடம் போகச் சொல்வதை நாலு பேச்சுக்குப் பிறகு மெதுவாக எடு. நீயும் அங்கே வேலை பார்க்கிற இடத்தில் எந்த மெஷினிலும் எதையும் அடைத்துவைத்து ஓட்டாதே, என் தலையில் அடித்துச் சத்தியம் செய். நீ நன்றாக இருக்க வேண்டும், கைகால் சுகத்தோடு நீண்டநாள் இருக்க வேண்டும்.

உன் போனுக்கு வழி பார்த்துக்கொண்டிருக்கும்,
அம்மா